பெண்மயமாதல்: ஆமைக்கு ஒரு பொருள், ஆளுக்கு ஒரு பொருள்

திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையைப் பற்றி உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில், தோல்முதுகு ஆமை கரையேறி முட்டையிடுவதைப் பார்ப்பதற்காகவே இரவு நேரத்தில் அங்கே கூட்டம் கூடும். உலகின் மிகப் பெரிய கடலாமை அது. அதன் முதுகில் நீளவாக்கில் ஓடும் வரம்புகள் நட்சத்திரப் பழத்தின் விளிம்புகளைப் போல இருப்பதால், மலாய்மொழியில் அதற்குப் பெனியு பெலிம்பிங் என்று பெயர். 1950களில் அந்தக் கரையோரத்தில் ஆண்டுக்குச் சுமார் 10,000 முறை அவை முட்டையிட்டன. 1990களின் நடுவில் அந்த எண்ணிக்கை சில பத்துகளாகச் சுருங்கிவிட்டது. இப்போது ஒன்றே ஒன்று கரையேறினாலும் அது நாளேட்டில் செய்தி.

ஆமைகள் குறைந்ததற்குப் பெரும் காரணங்கள் இரண்டு. முட்டைகளை மனிதர்கள் தோண்டி எடுத்து விற்றார்கள், தின்றார்கள். பெரிய ஆமைகள் கடலில் மீன்வலைகளில் சிக்கி மாண்டன. நிலைமையைச் சரிசெய்ய 1961 முதல் முட்டைகளில் ஒரு பகுதியைச் சேகரித்து, வேலியிட்ட இடத்தில் மணலில் புதைத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை அது. ஆனால் அந்தப் பொரிப்பிடம் நிழலின்றி வெயிலில் கிடந்தது. சான் எங் ஹெங், லியூ ஹாக் சார்க் என்ற மலேசிய ஆய்வாளர் இருவர் அங்கிருந்த மணலின் வெப்பநிலையை ஆராய்ந்து 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே பொரித்த குஞ்சுகள் அனைத்தும் பெண்களாகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. சபாவின் ஆமைத் தீவுகளில் ஒன்றான குலிசாவான் தீவிலும் திறந்தவெளிப் பொரிப்பிடத்தின் குஞ்சுகள் எல்லாம் பெண்களே என்று 2000இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

ஆமைகளைக் காப்பதற்காகப் போட்ட வேலிக்குள்ளேயே, ஆணில்லாத தலைமுறை ஒன்று பொரித்துக்கொண்டிருந்தது!

இப்படி ஓர் உயிரினக் கூட்டத்தில் பெண்களின் பங்கு அளவுக்கு மீறிப் பெருகுவதை அறிவியலாளர்கள் ‘பெண்மயமாதல்’ என்கிறார்கள். இதே சொல்லைப் பொருளாதார நூலிலும் மருத்துவமனையிலும் பள்ளித் திடலில் அடிக்கும் கேலியிலும் நீங்கள் சந்திக்கலாம். ஒலி ஒன்றுதான், பொருள் ஒன்றல்ல. ஓரிடத்துப் பொருளைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைத்தால் மனிதர்கள் அடிபடுகிறார்கள். அது எப்படி என்பதற்கு வருமுன், முதலில் ஆமை முட்டைக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கான தொடக்கக் குறிப்பு கருவுறும் கணத்திலேயே குரோமோசோம்கள் வழியாக வந்துவிடுகிறது. கடலாமைக்கு அப்படிப்பட்ட பால் குரோமோசோம் கிடையாது. முட்டை மணலுக்குள் இருக்கும் சுமார் இரண்டு மாதங்களில், நடுப்பகுதியில் நிலவும் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸில் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். ஒன்றிரண்டு பாகை குறைந்தால் ஆண்களே மிகுதி. ஒன்றிரண்டு பாகை கூடினால் எல்லாமே பெண். நமக்கு மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைக்கலாமா என்று தோன்றும் அளவு வேறுபாடுதான். அது ஒரு கூட்டின் நூறு முட்டைகளின் பாலையும் மாற்றிவிடுகிறது. சில ஊர்வனவற்றில் வெப்பம் பாலைத் தீர்மானிக்கிறது என்பதை முதலில் கண்டு எழுதியவர் மதலேன் சார்னியே என்ற பிரெஞ்சு அறிவியலாளர். 1966இல், மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகலில், ஒரு வகை ஓணானின் முட்டைகளை வைத்து அவர் அதைக் கண்டார்.

இதற்குள் ஒரு வேதியியல் இருக்கிறது. அரோமடேஸ் என்ற நொதி, டெஸ்டோஸ்டெரோன் என்ற ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். வெப்பம் கூடினால் கருவின் பால்சுரப்பியில் இந்த நொதியின் வேலை கூடுகிறது, ஈஸ்ட்ரோஜன் மிகுகிறது, சுரப்பி சூலகமாக வளர்கிறது.

உலகம் சூடாகிவரும் காலத்தில் இது பொரிப்பிடத்தோடு நிற்கும் சிக்கல் அல்ல. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் மேய வந்த 411 பச்சை ஆமைகளைப் பிடித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. குளிர்ச்சி மிகுந்த தெற்குக் கரைகளில் பிறந்தவற்றில் பெண்கள் 65 முதல் 69 விழுக்காடு. வடக்குக் கரைகளில் பிறந்தவற்றிலோ, முதிர்ந்த ஆமைகளில் 86.8 விழுக்காடு பெண்; இளம் ஆமைகளில் 99.1 விழுக்காடு. முதிர்ந்தவை பல ஆண்டுகளுக்கு முன் பிறந்தவை, இளையவை பின்னர் பிறந்தவை என்பதை நினைவில் வைத்து இந்த இரண்டு எண்களையும் மறுபடி படியுங்கள். மணல் சூடேறிய வரலாறு அதற்குள் இருக்கிறது.

ஆண்கள் சற்றுக் குறைந்தால் கெடுதலா? உடனே இல்லை. ஓர் ஆண் ஆமை பல பெண்களோடு இணையக்கூடியது என்பதால், பெண்கள் கொஞ்சம் மிகுந்திருப்பது முட்டைகளைக் கூட்டவே செய்யும். ஆனால் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு ஆண்கள் அருகிவிட்டால், பெரிய கடலில் பெண் ஆமை இணையைத் தேடி எங்கே போகும்? கருவுறாத முட்டை எவ்வளவு பாதுகாத்தாலும் பொரிக்காது. ஆமைகள் முதிர்ச்சியடையவே இருபது, முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதனால் இன்று மணலில் நேரும் பிழை நாளைக்கே தெரியாது. இப்போது பல பொரிப்பிடங்களில் நிழல் வலை கட்டுகிறார்கள். ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கரையில் 1993இல் தொடங்கிய பல்கலைக்கழகத் திட்டம், முட்டைகளை ஆமை இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் காக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன கதையில் எந்த ஆண் ஆமையும் பெண்ணாக மாறவில்லை. கூட்டத்தின் விகிதம்தான் மாறியது. தனி உயிரின் உடலே மாறுவது வேறு கதை; அதற்குக் கனடாவுக்குப் போக வேண்டும்.

ஒண்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில், ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உள்ளன. அவற்றில் 260 என்ற எண் கொண்ட ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகாலங்கள், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்தார்கள். நகரங்களின் கழிவுநீர் வழியாக இந்தப் பொருள் ஆறுகளில் சேர்வதால், அதன் விளைவை அறிவதே நோக்கம். அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். கணக்கிட்டுப் பார்ப்போம்: ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் இருக்கிறது என்றால், அதில் கலந்த மருந்து சுமார் 12.5 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் பாதி எடை! அதற்கே அந்த ஏரியில் வாழ்ந்த விரல் நீளச் சிறுமீன்களின் ஆண்கள் மஞ்சள்கருப் புரதத்தை உருவாக்கத் தொடங்கின. முட்டையிடும் பெண்ணுக்கு மட்டுமே தேவையான புரதம் அது. ஆண்களின் விந்தகத்தில் முட்டை அணுக்களும் தோன்றின. சில ஆண்டுகளில் அந்த மீன்கூட்டம் ஏறக்குறைய அற்றுப்போனது. மருந்து கலப்பதை நிறுத்திய பின் அது மீண்டது என்பது ஆறுதல்.

நம் சமையலறைக்கு வரும் சியாக்காப், அதாவது கொடுவா மீனிலோ, எந்த நச்சும் இல்லாமலே இது நடக்கிறது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதானதும் பெண்ணாகிவிடும். பெரிய உடலில் முட்டைகள் நிறையக் கொள்ளும் அல்லவா? சாப்பாட்டுத் தட்டளவுள்ள சியாக்காப் பெரும்பாலும் ஆண்தான். கெராப்பு என்ற களவா மீன் இதற்கு நேர் எதிர்: முதலில் பெண், பிறகு ஆண். ஆகவே ‘பெண்ணாதல்’ எப்போதும் கேடு என்று எண்ணிவிடக் கூடாது. ஏரி மீனுக்கு அது நோய். கொடுவாவுக்கு அது வயது.

இனி மனித உடல். கருவின் முதல் ஆறு வாரங்களில் ஆண், பெண் உறுப்புகளுக்கான தொடக்கங்கள் இருபாலாருக்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு, வளரும் சுரப்பியை விந்தகமாகத் திருப்புகிறது. 1990இல் லண்டன் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். அதற்கு முன்பே, 1940களில், அல்ஃபிரட் யோஸ்ட் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் முயல் கருக்களில் பால்சுரப்பிகளை அகற்றிப் பார்த்திருந்தார். எல்லாக் கருக்களிலும் பெண்ணுக்குரிய உட்குழாய்களே வளர்ந்தன. இதை வைத்து, பெண்ணுடல் என்பது தானாக நேர்வது, ஆணுடல் மட்டுமே ‘செய்யப்படுவது’ என்று பாடநூல்கள் வெகுகாலம் எழுதின. அது அரைகுறைச் செய்தி. சூலகம் உருவாவதற்கும் தனி மரபணுக்கள் வேலை செய்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. மேலும், ஈஸ்ட்ரோஜன் பெண்களிடம் மட்டும், டெஸ்டோஸ்டெரோன் ஆண்களிடம் மட்டும் என்பதும் சரியல்ல. எல்லார் உடலிலும் இரண்டும் உண்டு, அளவுதான் வேறு.

இந்த இடத்தில் 13, 14 வயது மாணவர்களுக்கு ஒரு செய்தி. பருவமடையும்போது ஆண்பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மார்புக்காம்பின் கீழே சிறிய கட்டி போல வீங்கும், தொட்டால் வலிக்கும். அந்த இரண்டு ஹார்மோன்களின் அளவும் கொஞ்ச காலம் முன்பின்னாக இருப்பதே காரணம். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாக அடங்கிவிடும். இது தெரியாமல் நீச்சல் வகுப்புக்குப் போகாமல் ஒளிபவர்களும், வீட்டிலும் சொல்லாமல் தனியே பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். அடங்காவிட்டாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்கு இது நாள்தோறும் பார்க்கும் விஷயம். ‘சோயாபால் குடித்தால் ஆண்களுக்குப் பெண்மை வந்துவிடும்’ என்று திடலில் சொல்வார்களே, அதையும் பார்த்துவிடுவோம். சோயாவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த, ஆனால் மிக வலுக்குறைந்த தாவரப் பொருள் உண்டு. ஆண்களிடம் நடத்திய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வழக்கமான அளவில் சோயா உண்பது டெஸ்டோஸ்டெரோனைக் குறைக்கவில்லை. நாள்தோறும் சுமார் 3 லிட்டர் குடித்த ஒருவருக்கு மார்பு வீங்கியதாக மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது, நிறுத்தியதும் சரியானது. நீங்கள் கடையில் வாங்கும் ஒரு கோப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சூலகம், முட்டை, புரதம், ஹார்மோன் என்று அளப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. இப்போது சொல் ஆய்வகத்தை விட்டுச் சமூகத்துக்குள் நுழைகிறது.

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. உருப்பெருக்கியில் கண் வைத்து மெல்லிய கம்பிகளைப் பொருத்தும் வேலைக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் மலாய்க் கம்பங்களிலிருந்து வந்தவர்கள். சீன, இந்தியப் பெண்களும் இருந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் இதைத் ‘தொழிலாளர் படையின் பெண்மயமாதல்’ என்பார்கள். இதற்கும் ஹார்மோனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வேலையில் யார் எத்தனை பேர் என்பதே இங்கே பொருள்.

ஆனால் அன்று பலர் உயிரியலைத்தான் காரணம் காட்டினார்கள். பெண்களின் விரல்கள் இயல்பாகவே சுறுசுறுப்பானவை, நுணுக்கமானவை என்று வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கான மலேசிய விளம்பரக் கையேடு ஒன்று புகழ்ந்தது. டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரண்டு பிரிட்டிஷ் அறிஞர்கள் 1981இல் இதை மறுத்தார்கள். சிறுவயது முதல் வீட்டில் தைத்துத் தைத்துப் பயின்ற கை அது என்றார்கள். பயின்று பெற்ற திறன் என்று ஒப்புக்கொண்டால் அதற்கேற்ற கூலி தர வேண்டும். ‘பிறவிக் குணம்’ என்று சொல்லிவிட்டால் குறைந்த கூலியே போதும். ஒரு சொல் சம்பளச் சீட்டில் எப்படி வந்து உட்கார்கிறது, பாருங்கள்.

எது ‘பெண்ணுக்குரியது’ என்பதும் நிலையாக நிற்பதில்லை. அமெரிக்காவில் 1946இல் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட இனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அப்போது அது எழுத்தர் வேலை போல எண்ணப்பட்டது. மதிப்பும் சம்பளமும் உயர்ந்த பிறகு அதே வேலை ‘ஆண்களின் துறை’ ஆயிற்று. நம் தாத்தாக்களின் பழைய படங்களைப் பாருங்கள்: காதில் கடுக்கன், தலையில் குடுமி. அன்றைக்கு அது ஆண் அடையாளம். தமிழ் நாடக மேடையில் ஔவையார் கிழவியாக நடித்துப் பேர் வாங்கியவர் டி.கே. சண்முகம். ‘ஔவை’ சண்முகம் என்பதே அவர் பெயராகி நிலைத்துவிட்டது. 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். இரண்டு பேரையும் மக்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரும் அவர்களின் ஹார்மோனை அளக்கப் போகவில்லை.

இப்போது பள்ளித் திடல். “என்னடா, பொம்பள மாதிரி நடக்கிற?” இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கலாம், உங்களையே கேட்டிருக்கலாம். அதில் நான்கு தனித்தனிச் செய்திகள் ஒன்றாகக் குழைந்திருக்கின்றன. ஒருவரின் உடல் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. அவருடைய நடையும் பேச்சும் எப்படி என்பது இன்னொன்று. தன்னை ஆணென்று உணர்கிறாரா பெண்ணென்று உணர்கிறாரா என்பது மூன்றாவது. வளர்ந்த பின் யார்மீது ஈர்ப்பு கொள்கிறார் என்பது நான்காவது. ஒன்றைப் பார்த்து மற்ற மூன்றையும் ஊகிக்க முடியாது. மெல்லிய குரலில் பேசும் பையன் ஹார்மோன் குறைந்தவன் அல்ல. காற்பந்து ஆடும் பெண் ஹார்மோன் கூடியவளும் அல்ல. திருநங்கையரில் சிலர் மருத்துவரின் கண்காணிப்பில் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் உடலில் கொழுப்பு சேரும் இடம் மாறும், மார்பு வளரும். ஏற்கெனவே தடித்துவிட்ட குரல் திரும்பாது. மருத்துவர்களும் இதைப் பெண்மயமாக்கும் சிகிச்சை என்றே சொல்கிறார்கள். ஆனால் தாம் பெண் என்ற உணர்வு அவர்களுக்கு மருந்துக்கு முன்பே இருந்தது. மருந்து உடலைத் தொடுகிறது. உணர்வை அது கொண்டுவந்து வைக்கவில்லை.

இந்த நான்கையும் ஒன்றாகப் பார்த்த மருத்துவத்தின் வரலாறு கசப்பானது. ஆண்மேல் ஈர்ப்பு கொள்ளும் ஆணுக்கு ஆண் ஹார்மோன் குறைவு என்று நம்பிய மருத்துவர்கள் சிலர், 1940களில் அப்படிப்பட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் கொடுத்துப் பார்த்தார்கள். ஈர்ப்பின் திசை மாறவில்லை. பிறகு மறுபக்கம் திரும்பினார்கள். கணினி அறிவியலின் தந்தை என்று நீங்கள் படிக்கும் ஆலன் டூரிங், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியக் குறியீடுகளை உடைக்க உதவியவர். ஆணோடு உறவு கொண்டார் என்பதற்காக 1952இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அந்நாளில் அங்கே அது சட்டப்படி குற்றம். சிறையா, ஹார்மோன் சிகிச்சையா என்ற நிலையில் அவர் சிகிச்சையை ஏற்றார். ஓராண்டு செயற்கை ஈஸ்ட்ரோஜன் செலுத்தினார்கள். அவருக்கு மார்பு வளர்ந்தது. அந்த ஏரி மீன்களைப் போலவே, உடல் வேதியியலுக்குக் கீழ்ப்படிந்தது. அவருடைய ஈர்ப்பு மாறியதற்கு ஒரு சான்றும் இல்லை. 1954இல், 41 வயதில் அவர் இறந்தார். 2013இல் பிரிட்டிஷ் அரசி அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இந்த வாரப் பயிற்சி. மூன்று வாக்கியங்கள் தருகிறோம். ‘இந்தக் கடற்கரையின் ஆமைக்குஞ்சுகள் பெண்மயமாகி வருகின்றன.’ ‘நம் நாட்டில் ஆசிரியர் தொழில் பெண்மயமாகிவிட்டது.’ ‘இந்தக் காலத்து ஆண்கள் பெண்மயமாகிவிட்டார்கள்.’ ஒவ்வொன்றிலும் சொல்லின் பொருள் என்ன என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு, அது உண்மையா என்று அறிய எதை அளப்பீர்கள், எதை எண்ணுவீர்கள் என்றும் எழுதுங்கள். முதலாவதற்கு ஒரு வெப்பமானியும் சில கூடுகளும் வேண்டும். இரண்டாவதற்குப் பள்ளிகளின் பெயர்ப்பட்டியல் போதும். மூன்றாவதற்கு என்ன வேண்டும் என்பதை எழுதி, வகுப்பில் உங்கள் நண்பரின் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.